குடும்பமாகச் சேர்த்து ஒரு எம்.எஸ்சி. சீட்டு

எம்.எஸ்சி. வேதியியலில் சேர என்ன தகுதி வேண்டும் என்று என்னை நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டாலும் மூச்சுவிடாமல் சொல்வேன். ஒரு தகுதியைப் பற்றி, அது இல்லாதவனுக்குத்தான் முழுசாகத் தெரியும்.

நான் படித்தது பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி. படித்துவிட்டு ஆரணியில் அப்பாவின் சாயப்பட்டறையில் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தேன். பெண் பார்க்கப் போன இடத்தில் ரேவதியின் அப்பா, "மேல படிக்கிற ஐடியா இருக்குதுங்களா?" என்று கேட்டார். "எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி பண்ணப் போறேன் மாமா" என்று சொல்லிவிட்டேன். (பஜ்ஜி வாயைச் சுட்டது. வந்ததைச் சொல்லித் தொலைத்தேன்.) கல்யாணம் முடிந்தது. அவர் மட்டும் மறக்கவில்லை. தெள்ளாரிலிருந்து போன் வந்தால், சாப்பாடு ஆச்சா என்பதற்கு முன்பே, "மாப்ள, எம்.எஸ்சி. என்ன ஆச்சு?" என்பார்.

பேஜார் தாங்கவில்லை. ஒரு கல்லூரியில் காலி இடங்களுக்கு நேரடிச் சேர்க்கை என்று விளம்பரம் வந்ததும் கிளம்பிவிட்டேன். ரேவதி அந்த விளம்பரத்தைப் படித்துவிட்டுத் தயங்கினாள்.

"ஏங்க, பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிச்சிருக்கணும்னு போட்டிருக்காங்க. பயோகெமிஸ்ட்ரின்னு போடலயே?"

"பயோன்னா உயிரு. நான் படிச்சது உயிருள்ள கெமிஸ்ட்ரி. அவங்க கேக்கறதுக்கு ஒரு படி மேல" என்றேன்.

அவள் விளம்பரத்தை மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். இத்தனைக்கும் அவள் படித்தது பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. கடைசிப் பரீட்சை எழுதிய கையோடு கல்யாணம். அந்தப் பட்டம் வீட்டில் இருந்ததே என் நினைவில் இல்லை. என் வெற்றியைக் கண்ணால் பார்க்க ஓர் ஆள் வேண்டுமே என்று அவளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டேன். வழியில் அரைக் கிலோ பால்கோவாவும் வாங்கினேன். மாமனாருக்கு முன்கூட்டியே போன் செய்து, "இன்னிக்கு சேந்துட்றேன் மாமா" என்றும் சொல்லியாயிற்று.

வேதியியல் துறைத் தலைவர் ஓர் அம்மா. என் சான்றிதழை ஒரு பார்வை பார்த்தார்.

"தம்பி, இதுக்கு பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி வேணும். பயோகெமிஸ்ட்ரி செல்லாது."

"மேடம், நாங்க பரம்பரையா சாயம் போடறவங்க. கெமிஸ்ட்ரி எங்க ரத்தத்துலயே இருக்குது."

"ரத்தத்துல இருக்கறது பயோகெமிஸ்ட்ரிதான் தம்பி. அதைத்தான் நானும் சொல்லிகினு இருக்கேன்."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் கண்முன்னே மாமனாரின் முகம் வந்து நின்றது. வாசலருகே நின்ற ரேவதியைக் காட்டினேன்.

"மேடம், அவங்க என் ஒய்ஃப். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. ரெண்டு பேர் டிகிரியையும் குடும்பமா சேர்த்துப் பாத்தீங்கன்னா தகுதி வருது இல்லீங்களா?"

(ஆமாம். இதைச் சொன்னது நானேதான். ரேஷன் கார்டுக்கும் எம்.எஸ்சி.க்கும் வித்தியாசம் தெரியாத பட்டதாரி.)

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். பிறகு என்னைத் தாண்டி அவளைப் பார்த்தார்.

"இங்க வாம்மா. அல்லைடு என்ன?"

"மேத்ஸும் பிசிக்ஸும் மேடம்."

"எவ்ளோ பர்சன்டேஜ்?"

ரேவதி சொன்னாள். அந்த எண்ணை நானும் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். (என்னுடையது அதற்குப் பக்கத்தில் நிற்கக் கூசும்.)

"அவங்களுக்குத் தனியாவே தகுதி இருக்குது தம்பி. நடுவுல நீங்க எதுக்கு?" என்றார். பிறகு அவளிடம், "உனக்குச் சேர விருப்பமாம்மா?"

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். ரேவதி என் பக்கம் திரும்பவே இல்லை.

"விருப்பம்தான் மேடம். இதுவரைக்கும் யாரும் கேக்கல."

யாரும் சிரிக்கவில்லை. என் காதுதான் சூடாக இருந்தது. அந்த அம்மா அவளை மறுநாள் சான்றிதழ்களோடு வரச் சொன்னார். வெளியே வந்ததும் போன் அடித்தது.

"மாப்ள, சீட்டு கெடச்சுதா?"

"கெடச்சுது மாமா. ஆனா எனக்கு இல்ல. உங்க பொண்ணுக்கு."

"இத்தினி நாளா நான் தப்பான ஆளைக் கேட்டுகினு இருந்துட்டேன் போல" என்றார்.

கல்லூரியில் சேர்ந்த பிறகு ரேவதி படித்த படிப்பைப் படிப்பு என்று சொன்னால் போதாது. உலை கொதிக்கும்போது காலண்டர் தாளின் பின்பக்கத்தில் சமன்பாடு எழுதுவாள். நான் ஏதாவது கேட்டால் பதில் வருவதற்குள் சோறு குழைந்துவிடும். எங்கள் வீட்டில் கறை படிந்த விரலோடு சாப்பிட உட்காருபவர்கள் அதுவரை அப்பாவும் நானும்தான். கல்லூரி ஆய்வகத்தில் சில்வர் நைட்ரேட் பட்டுக் கறுத்த விரலோடு அவளும் வந்து உட்கார்ந்தபோது, அப்பா தன் நீல விரல்களைப் பார்த்துவிட்டு, "உன்னுது எங்களை விட கெட்டி சாயம்மா" என்றார். எம்.எஸ்சி.யை முதல் வகுப்பில் முடித்தாள், பி.எட். முடித்தாள். இப்போது சந்தவாசல் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை.

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தால் எங்கள் வீட்டில் கூட்டம் கூடிவிடும். எந்த குரூப் படித்தவர்கள் எந்த டிகிரிக்குப் போகலாம் என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் பிள்ளைகள் விண்ணப்பிப்பார்கள். ஒருமுறை அப்படி வந்தவர்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு பெண், "அக்கா, நீங்க எப்படி எம்.எஸ்சி. சேந்தீங்க?" என்று கேட்டுவிட்டாள். ரேவதி என் குரலிலேயே முழுக் கதையையும் நடித்துக் காட்டினாள். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. முடிவில் அவள், "இவரு போய் தகுதி இல்லன்னு வாங்கிகினு வந்ததாலதான் எனக்கு இருக்குதுன்னே தெரிஞ்சுது" என்றாள்.

அந்தப் பெண் சிரிக்காமல் என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, கவுன்சலிங்குக்கு என்கூடவும் வரீங்களா?"

போனேன். அவளுக்கும் கெமிஸ்ட்ரி கிடைத்தது. அன்றிலிருந்து எனக்குக் கைராசிக்காரன் என்று பெயர். ஜூன் மாதத்தில் நான் பட்டறையில் இருப்பதில்லை.