எட்டு மணி இரத்தமும் ஹோர்மோன் அண்ணையும்

ஒரு திங்கட்கிழமை காலை எட்டரைக்குள் ஹோர்மோன் அண்ணை செய்தவை:

1. மூன்றாவது ரோல்ஸைக் கடித்த என்னிடம், "இரவு நித்திரை இல்லைப் போல. பசி ஹோர்மோன் ஏறீட்டுது, பிள்ளை" என்றார்.
2. எரிந்து விழுந்த முகாமையாளரிடம், "சேர், இது நீங்கள் இல்லை, கோர்ட்டிசோல்" என்று ஆறுதல் சொன்னார்.
3. இரத்தம் எடுக்க நான் பேக்கரி நானாவின் கையில் கட்டிய பட்டியை அவிழ்த்துவிட்டார்.

உலகத்துச் சண்டை எல்லாவற்றுக்கும் நித்திரைக் குறைவே காரணம் என்று நம்பும் இன்னொருவர் கண்டி முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் ஆய்வுகூடத்தில் மூத்தவர். அவருடைய சொந்தப் பெயர் கையொப்பப் புத்தகத்துக்கு மட்டுமே தெரியும்.

நானா அலவத்துகொடையில் இரவெல்லாம் பாண் சுடுபவர். ஓயாத களைப்பு. காலை எட்டு மணிக்கு எடுத்த இரத்தத்தில் கோர்ட்டிசோல் ஹோர்மோன் இரண்டு தடவையும் குறைவு.

"இந்த மொறயும் கொறஞ்சா காலத்துக்கும் குளிச குடிக்க வருமாம். டொக்டர் சொன்ன." என்றார் நானா.

"கடைசியா எப்ப நித்திரையால எழும்பினனீங்கள்?" என்றார் அண்ணை.

"நேத்து பின்னேரம் அஸர் தொழுகைக்கு. ரா முழுக்க போறணை நெருப்படியில. சுபஹு தொழுதிட்டு நேரா இங்க வந்த."

"பிறகென்ன! அந்த ஹோர்மோன் நித்திரையால எழும்பிற நேரத்திலதான் உச்சம். உங்கட உடம்புக்கு இப்ப நடுச்சாமம்!"

எங்கள் படிவத்தில் இரத்தம் எடுத்த நேரத்துக்குக் கட்டம் உண்டு. எழுந்த நேரத்துக்கு இல்லை. இரண்டு தடவையும் எட்டு மணி என்று அழகாக எழுதிக் கையொப்பமிட்டவள் நான்.

அண்ணை வைத்தியரிடம் தொலைபேசியில் சம்மதம் வாங்கி, நானாவை ஈ.சி.ஜி. கட்டிலுக்கு அழைத்துப்போனார்.

"இங்கயா? வெக்கமா ஈக்கிது தம்பி!"

"படுங்கோ நானா. இதுவும் பரிசோதனைதான்."

ஐந்தே நிமிடத்தில் குறட்டை. வெளியே காத்திருந்த அம்மா ஒருவர், "மெஷின் பழுதா மகள்?" என்று என்னிடம் கேட்டார். ஓடி வந்த முகாமையாளரை அண்ணை வாயில் விரல் வைத்து வாசலிலேயே நிறுத்தினார்.

மூன்று மணிக்கு நானா எழுந்தார். அரை மணியில் இரத்தம் எடுத்தோம். முடிவைப் பார்த்த வைத்தியர், எழுந்த நேரத்துக்கு அந்த அளவு போதும், குளிசை வேண்டாம் என்றார். நானா அண்ணையைக் கட்டிப்பிடித்ததில் வெள்ளைக் கோட்டெல்லாம் கோதுமை மா.

நானா இன்றுவரை குளிசை இல்லாமல் இருக்கிறார். வைத்தியர் சொன்னபடி கிழமையில் இரண்டு இரவு வீட்டில் உறங்குகிறார். அண்ணை போன மாதம் மாற்றலாகி வவுனியா போய்விட்டார். அவருடைய கதிரையை அப்படியே விட்டுவிட்டு, அவருடைய இடத்துக்கு வந்தவருக்கு நான் வேறு கதிரை கொடுத்திருக்கிறேன்.