சவுனா வண்டியை விற்றுவிட்டேன், அக்கா

குவோப்பியோ,
செப்டம்பர் 9

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய இர்மா அக்காவுக்கு, தம்பி தவுனோ வணங்கி எழுதுவது. இங்கே நான் நலம், ஏரி நலம், வலது முழங்கால் நலம். இடது முழங்காலைப் பற்றி எழுதினால் இன்னொரு தபால்தலை ஒட்ட வேண்டிவரும். கோதன்பர்க்கில் நீயும் உன் வீட்டுக் கூரையும் சுகமா? கூரை என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. அதைச் செப்பனிட வைத்திருந்த நாற்பதாயிரம் குரோனரை அல்லவா என்னிடம் தூக்கிக் கொடுத்தாய்!

என் ஹெல்வி கண்ணை மூடியபிறகு மனைவி இல்லாத வெறும் வீட்டில் உட்கார முடியாமல், இழுவை வண்டிமேல் மரத்தில் ஒரு சவுனா அறை கட்டி, அடுப்பும் கல்லும் வைத்து, ஆவிக் குளியலை வீட்டு வாசலுக்கே கொண்டுபோய் வாடகைக்கு விடுகிறேன் என்று கிளம்பினேன். வங்கிப் பெண் என் வயதைப் பார்த்துவிட்டுக் காபி கொடுத்து அனுப்பினாள். நீ கொடுத்தாய். பல் கட்ட வைத்திருந்ததைச் சிநேகிதன் பென்ட்டி கொடுத்தான். ஹெல்வியின் தம்பி ராய்மோ, படகு மோட்டார் சண்டையிலிருந்து ஒன்பது வருஷமாக என்னோடு பேசாதவன், பேசாமலே வந்து மேசையில் ஓர் உறையை வைத்துவிட்டுப் போனான்.

முதல் வாடகை ஒரு கல்யாண வீடு. போய்ச் சேரும்போது கல் சூடாக இருக்கட்டுமே என்று கிளம்பும்போதே அடுப்பை மூட்டினேன் பார், அதுதான் என் புத்திசாலித்தனம். புகையைப் பார்த்து வழியெல்லாம் ஜனங்கள் கையாட்ட, என்ன மரியாதை என்று நானும் பதிலுக்குக் கையாட்டிக்கொண்டே போக, யாரோ தீயணைப்புக்குப் போன் போட்டுவிட்டார்கள். சிவப்பு வண்டி குறுக்கே வந்து நின்றது.

"பெரியவரே, பின்னால வீடு பத்தி எரியுது, தெரியலையா?"

"எரியலைங்க, காயுது" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டார்கள். மாப்பிள்ளை ஏரியில் குளித்தார்.

அதற்குப் பிறகு வாடிக்கையாளர்கள் கூப்பிடாமல் இல்லை. கொடுக்கத்தான் நாள் இல்லை. திங்களானால் பென்ட்டி துண்டோடு வந்துவிடுவான். "முதல் போட்டவன் வந்து பாக்க வேணாமாடா?" புதன்கிழமை ராய்மோ. வருவான், உட்காருவான், வேர்ப்பான், போவான். மற்ற நாளும் இவர்களில் ஒருவர், காசில்லாமல். ஆகஸ்டில் ஒருநாள் நான் கல்லில் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கரண்டியை வைத்தபோது, சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "ஹெல்வி அக்கா இருந்தா இன்னொரு கரண்டி ஊத்துன்னு சொல்லியிருக்கும்." ஊற்றினேன். வேர்வை, வேர்வை என்று ரெண்டுபேரும் முகத்தைத் துடைத்துக்கொண்டோம்.

ஆனாலும் அக்கா, இதெல்லாம் தொழிலா? இலையுதிர் மழை வருமுன் உன் கூரை ஆகவேண்டும், பென்ட்டி இறைச்சி மெல்லவேண்டும். நேற்றுதான் வண்டியை விற்றேன். வாங்கினவர் கூடார முகாம் நடத்துகிறவர், நாளை வந்து பணத்தைக் கொடுத்துவிட்டு இழுத்துக்கொண்டு போகிறார். முதலில் உன் பணம் வரும். "திருப்பித் தரேன்னு பேசினா போனை வச்சிடுவேன்" என்று நீ மிரட்டியதால்தான் கடிதமாக எழுதுகிறேன். இதை வைக்க முடியாதல்லவா?

உன் அடுப்பில் விறகும் கோப்பையில் காபியும் என்றும் குறையாதிருக்க வேண்டும்

அன்புத் தம்பி
தவுனோ

பி.கு. (செப்டம்பர் 10): வண்டியை விற்கவில்லை. முகாம்காரர் வந்தபோது சவுனாக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன். "அத்தான், விக்கிறதுன்னா என்னையும் சேத்து வித்துருங்க" என்றான் ராய்மோ. "எனக்குப் பல்லு வேணாம்டா, நான் யாரைக் கடிக்கப் போறேன்?" என்றது பென்ட்டியின் குரல். முகாம்காரர் ஒரு மணி நேரம் கோட்டோடு நின்று பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி, கதவைத் திறக்கச் சொல்லி அவரும் உள்ளே போய்விட்டார். வெளியே வந்து வாடகை கொடுத்தார். இதுவரை கொடுத்த ஒரே ஆள். ஆகவே உன் பணம் வராது அக்கா, நாங்கள் வருகிறோம். ராய்மோவுக்குக் கூரை வேலை தெரியும், பென்ட்டி ஏணி பிடிப்பான். வெள்ளிக்கிழமைக் கப்பலில் வண்டிக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாயிற்று. வாசலில் இடம் ஒழித்து வை. ஆணி அடிக்கிறது எங்கள் பாடு. நீ சவுனாவுக்குள் மேல்பலகையில் ஏறி உட்கார்ந்து, எத்தனை கரண்டி என்று மட்டும் சொல்.