அரிசி ஓய்வெடுக்கிறது

வாருங்கள் தோழர்களே, வந்து பாருங்கள் இந்த அநியாயத்தை! யுத்தகாலத் திண்டிவனத்தில் அரிசி இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, விளக்கின்றிப் பங்குனிக் கூத்தும் இல்லை. அறிக்கைக்கு மட்டும் பஞ்சமே இல்லை.

அந்த அறிக்கைகளை எழுதியவன் சவுரிராயன், தானியப் பாதுகாப்புக் கழகத் தலைவர் திருவேங்கடத்தின் குமாஸ்தா. அன்று காலை தலைவர் வீட்டு வாசலில் சிலர் வந்து உட்கார்ந்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை, சும்மா உட்கார்ந்தார்கள். தலைவர் பதறிப்போய்ச் சவுரிராயனை உள்ளே அழைத்தார். கொல்லைக் களஞ்சியத்தில் அடுக்கியிருந்த பதுக்கல் அரிசி மூட்டைகளை அவரும் சவுரிராயனும் மட்டுமே அறிவார்கள்.

"நயமா நாலு வார்த்தை எழுது. கூட்டம் கலையலன்னா நாளைக்கு நீ வேலைக்கு வராதே."

வீட்டில் மனைவி இருதயமேரி பிள்ளைகளுக்கு மல்லாட்டைக் கடலையை அவித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். வேலை போனால் அதுவும் இல்லை. சவுரிராயன் எழுதினான், தலைவர் வாசலில் நின்று முழங்கினார்: "பஞ்சம் என்பது தவறான சொல். அரிசி சற்றே ஓய்வெடுக்கிறது."

கூட்டம் கலையவில்லை. ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். ஒருவன் ஓடிப்போய்த் தெருவையே அழைத்துவந்தான்.

நயம் போதவில்லை என்று சவுரிராயன் மேலும் மெருகேற்றினான். "பசி பரிசீலனையில் உள்ளது. முடிவு தெரியும்வரை எவரும் அவசரப்பட்டுப் பசித்துவிட வேண்டாம்."

பக்கத்துப் பிரம்மதேசம் கிராமத்திலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். பெண்கள் பாய் விரித்தார்கள்.

"இன்னாடா, பாயோட வந்துட்டானுங்க. மூட்டை சேதி தெரிஞ்சுபோச்சா?" தலைவர் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார்.

"தெரியாம இம்மாம் பேர் வருவாங்களாங்க?" என்றான் சவுரிராயன். பயத்தில் அவனுக்கே நயம் மறந்துவிட்டது.

மூன்றாம் அறிக்கை பிறந்தது: "அரிசி உள்ள இடம், இல்லாத இடம் என்று நாம் பேதம் பாராட்டலாகாது."

வாசல் அதிர ஒரு கூச்சல் எழுந்தது. தலைவர் தாமே ஓடிப்போய்க் களஞ்சியத்தைத் திறந்துவிட்டார்.

முறத்திலும் முந்தானையிலும் அரிசி போயிற்று. சவுரிராயனும் மேல்துண்டை விரித்தான். பக்கத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த முனியம்மாளிடம், மூட்டை இருப்பதை யார் சொன்னார்கள் என்று மெல்லக் கேட்டான்.

"யாரும் சொல்லலீங்களே. இந்த வருசம் கூத்து இல்ல. ஐயா பேசறது கட்டியங்காரன் கோமாளித்தனம் கணக்கா இருக்குதுன்னாங்க. சிரிச்சிட்டுப் போலாம்னு வந்தோம்."

தோழர்களே, நாளை உங்கள் ஊர்த் தலைவரும் அறிக்கை படிப்பார். போய் முன்வரிசையில் உட்காருங்கள். பாயோடு ஒரு பையும் எடுத்துச் செல்லுங்கள்.