கியர் அண்ணனின் இடது முழங்கை

வந்த நோய்க்கு வேறு பெயர் வைக்கச் சொல்லி மல்லுக்கு நின்றவர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் கியர் அண்ணன்.

அஸ்தம்பட்டியில் என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு பிசியோதெரபி கிளினிக். எனக்கு வலது கையில் டென்னிஸ் எல்போ என்கிற முழங்கை வலி. டென்னிஸ் மட்டையை நான் கடையில்கூடத் தொட்டதில்லை. பெயிண்டர் எதற்கு என்று வீட்டுக் கம்பிக் கதவுகளுக்கெல்லாம் நானே பெயிண்ட் அடித்த வீரத்துக்குக் கிடைத்த பதக்கம் அது. ஆனாலும் அலுவலகத்தில் யாராவது கேட்டால், “டென்னிஸ்” என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

பக்கத்து நாற்காலியில் நாமக்கல் லாரி டிரைவர் ஒருவர், இடது முழங்கையைப் பிடித்தபடி வாதாடிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்கம்மா, நாக்பூருக்குக் கியர் போட்டே தேஞ்ச கைங்க இது. டென்னிசுன்னு எழுதுனா, லீவு போட்டுட்டு வெளையாடப் போயிட்டேன்னு எங்க ஓனரு நெனைப்பாருங்க. கியர் எல்போன்னு மாத்திக் குடுங்க.”

“எல்லாருக்கும் அதே பேருதாங்கய்யா,” என்றார் பிசியோ பெண்.

“அப்ப சாருக்கு எதுல வந்துச்சாமா?”

உண்மையைச் சொன்னேன்.

“அப்ப இவுருக்குப் பெயிண்ட் எல்போன்னு போடுங்க.”

என் டென்னிஸ் வாழ்க்கை அத்தோடு முடிந்தது.

கை குணமாகும்வரை வண்டி கிடையாது என்று லாரி முதலாளி சொல்லிவிட்டார். அண்ணனுக்கு அதுதான் பெரிய வலி. பேசும்போதே இடது கை காற்றில் கியர் மாற்றும். “ஊட்ல படுத்தா தூக்கமே வரமாட்டீங்குதுங்க சார். கட்டில் ஓடவே மாட்டீங்குது.”

தண்ணீர் பாட்டிலைப் பிடித்து மணிக்கட்டை மெல்ல இறக்குவதுதான் எங்கள் பயிற்சி. நான் பொத்தென்று போடுவேன்.

“மலை எறங்கறப்ப இப்படித்தான் உடுவீங்களா? ரெண்டாவது கியர்லயே வாங்க, பைய...”

அவர் வாயாலேயே “ர்ர்ர்” என்று இஞ்சினை ஓட்டுவார். அந்தச் சத்தத்துக்கு என் மணிக்கட்டு ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும்.

பாதி குணமானதும் அவருக்குப் பொறுக்கவில்லை. கிளினிக் எதிரே ஒரு லாரி செங்கல் இறக்கிக்கொண்டிருந்தது. அதன் டிரைவரிடம் கெஞ்சி ஏறி, இஞ்சின் அணைந்த வண்டியில் ஆசை தீரக் கியர் போட்டார். நான் பின்னால் நின்று, நிற்கிற லாரிக்கு, “வரலாம், வரலாம்!” என்று குரல் கொடுத்தேன். அலுவலகத்தில் நான் சூப்பிரண்டென்ட்.

மறுநாள் அவரால் டீ டம்ளரைக்கூடத் தூக்க முடியவில்லை.

“எங்கீங்கய்யா போயிட்டு வந்தீங்க?” என்று பிசியோ பெண் முறைத்தார்.

“நாக்பூருங்க,” என்றார் அண்ணன், தலையைக் குனிந்துகொண்டு.

அதன்பிறகு சொன்ன பேச்சைக் கேட்டார். ஒத்தடம், ஓய்வு, பாட்டில். ஒரு சாயங்காலம், இடது கையை நீட்டி நாற்காலியைத் தூக்கினார். முகம் சுளிக்கவில்லை.

“வண்டி எடுக்கலாங்கய்யா. நடுநடுவுல நிறுத்திக் கைக்கு ஓய்வு குடுங்க.”

“வாரேனுங்க சார். இந்தப் பக்கம் வந்தா ஆரன் அடிக்கறேன், வெளிய வாங்க,” என்று புறப்பட்டார். அன்று அவர் இடது கை காற்றில் கியர் போடவில்லை. சட்டைப் பையருகே சமர்த்தாக இருந்தது.

எனக்கும் குணமாகிவிட்டது. ஆனாலும் பாட்டிலை இறக்கும்போது நானே “ர்ர்ர்” என்கிறேன். மனைவி மிக்சியை அணைத்துவிட்டு எட்டிப் பார்க்கிறாள். தெருவில் பெரிய ஆரன் கேட்டால் போதும், வாசலுக்கு ஓடி, “வரலாம், வரலாம்” என்று கையை ஆட்டுகிறேன்.

இதுவரை வந்ததென்னவோ பள்ளிக்கூட வேன்கள்தான்.