டெஸ்பாட்ச் அண்ணாச்சி பூட்டிய ரவுட்டர்

தில்லியில் நான் பார்த்த பிடிவாதக்காரர்கள் அத்தனை பேரையும் தராசின் ஒரு தட்டில் உட்கார வைத்து, மறு தட்டில் டெஸ்பாட்ச் அண்ணாச்சியை மட்டும் உட்கார வைத்தால், அண்ணாச்சியின் தட்டுதான் தரையைத் தொடும். இத்தனைக்கும் ஆள் ஐம்பது கிலோ தேறமாட்டார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அதைக் கொட்டித் தீர்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பில் எங்கள் வீடு தரைத்தளம், அவர் வீடு அதற்கு நேர் மேலே. ஏதோ ஓர் அமைச்சகத்தில் டெஸ்பாட்ச் செக்ஷன், அதாவது தபால் அனுப்பும் பிரிவு. முப்பத்தைந்து வருடமாகக் கவர் ஒட்டி, முத்திரை குத்தி, எந்தத் தாள் வெளியே போனாலும் வாங்கியவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வரச் சொன்னவர். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். அவருடைய நிஜப் பெயர் வாசல் பலகையில் இருந்தது. யாரும் படித்ததில்லை.

ஊரடங்கு நாட்களில் எங்கள் படிக்கட்டின் நான்கு வீடுகளும் சேர்ந்து ஒரே இன்டர்நெட் இணைப்பு வாங்கினோம். இணைப்பை நான்கு வீட்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் ரவுட்டரை யார் பார்த்துக்கொள்வது என்று பேச்சு வந்தது. அதோடு வந்த விளக்கப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவர் அண்ணாச்சி ஒருவர்தான். அவரிடமே பொறுப்பைக் கொடுக்கலாம் என்று சொன்ன புத்திசாலி நான்.

மறுநாளே சட்டம் வந்துவிட்டது. மனு கொடுக்காத எந்தப் போனும் உள்ளே வரக்கூடாது. ஊரடங்கு தளர்ந்ததும் சென்னையிலிருந்து வந்த என் மைத்துனன் வைஃபை பாஸ்வேர்டு கேட்டான். அண்ணாச்சி ஒரு தாளை நீட்டினார். பெயர், போனின் அடையாள எண், தங்கும் நாட்கள், வந்த காரணம். 'அக்காவைப் பார்க்க' என்று எழுதிக் கொடுத்தான். 'காரணம் போதாது' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பினார். அவன் அதற்குப் பிறகு தில்லிப் பக்கமே வரவில்லை.

அனுமதி கிடைத்தாலும் மூன்று மாதம்தான். அப்புறம் புதுப்பிக்க வேண்டும். ஒருநாள் அலுவலகத்துக்கு அவசரமாக ஒரு அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தேன். பாதியில் இணைப்பு அறுந்தது. மாடிக்கு ஓடினேன்.

"உம்ம ரினியூவல் பெண்டிங்ல கிடக்குவே."

"யார்கிட்ட பெண்டிங்?"

"எங்கிட்டதான். இன்னைக்கு எனக்கு லீவு. நாளைக்கு வாரும்."

இதையெல்லாம்கூட மன்னித்துவிடுவேன். வீடியோ அழைப்பில் கை வைத்தார் பாருங்கள், அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. எந்த ஆப்பில் கூப்பிட்டாலும் குரல் வரும். படம் மட்டும் நின்று நின்று வந்து ஒரேயடியாக உறைந்துவிடும். என்ன செய்து தொலைத்தீர்கள் என்று கேட்டேன். ரவுட்டரின் காவல் சுவரான ஃபயர்வாலில் ஒரு வழியை அடைத்திருப்பதாகப் பெருமையோடு சொன்னார்.

"யுடிபின்னு ஒருத்தன் இருக்கான்வே. அனுப்புதான், அனுப்பிக்கிட்டே இருக்கான். போய்ச் சேந்துச்சான்னு ஒரு வார்த்த கேக்கானா? கேக்க மாட்டான். ரசீது கேக்காத தபால் எஞ் செக்ஷனத் தாண்டினது கிடையாது, கேட்டீரா?"

"உலகம் பூரா வீடியோ கால் அந்த வழியிலதான் அண்ணாச்சி போகுது!"

"உலகம் டெஸ்பாட்ச்ல வேல பாத்துச்சா?"

ரசீது வாங்கிக்கொண்டு போகும் இன்னொரு வழி உண்டு. அந்த வரிசையில் போய் நின்றுதான் எங்கள் படங்கள் திக்கித் திணறின. மற்ற வீட்டுக்காரர்கள் குரல் வந்தால் போதுமென்று இருந்துவிட்டார்கள். எனக்குப் போதாது. மதுரையில் தையற்கடை வைத்திருக்கும் என் தம்பி செல்வத்துக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் கிடையாது. கைதான் அவன் பேச்சு. எழுத்தில் அளவு குறித்துக்கொள்வதோடு சரி, மனதில் உள்ளதை எழுத அவனுக்கு வராது. போனின் சொந்த டேட்டாவில் அவனைக் கூப்பிட, டவர் கிடைக்கும் இடம் தேடி ஞாயிறு தோறும் மொட்டை மாடிக்குப் போவேன். தில்லியின் மே மாத வெயிலில் போன் சூடாகித் தானே அணைந்துவிடும். நான் மட்டும் அணையாமல் எரிந்துகொண்டு இறங்கி வருவேன்.

மனுவும் கொடுத்துப் பார்த்தேன். காரணம் என்ற இடத்தில் 'தம்பியிடம் பேச' என்று எழுதினேன். 'பேசுவதற்குக் குரல் போதும்' என்று சிவப்பு மை திரும்பி வந்தது. மேற்கொண்டு விளக்கம் சொல்ல எனக்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை தம்பியிடமிருந்து செய்தி வந்தது: 'நாளை பத்து மணி. முகம் பார்த்து. முக்கியம்.' மறுநாள் மொட்டை மாடியில் டவரே இல்லை. கீழே ஓடி வந்து வைஃபையில் கூப்பிட்டேன். செல்வம் திரையில் வந்தான். புதுச் சட்டை. கையைத் தூக்கினான். படம் உறைந்தது. அந்தரத்தில் நிற்கும் கையைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். பிறகு என்ன நடந்ததென்று என் மனைவிதான் சொல்ல வேண்டும். மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய்விட்டு விபூதியோடு படியேறிக்கொண்டிருந்த அண்ணாச்சியின் கையைப் பிடித்து இழுத்து வந்து போன் முன்னால் நிறுத்தினேனாம்.

"சத்தம் வருதுல்லா? பிறகென்னவே?" என்றார்.

"உங்க ரசீதக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்க! அவனுக்குக் காதும் கேக்காது, பேசவும் வராது. கையாலதான் பேசுவான். ஒவ்வொரு கையசைவுக்கும் ரசீது வாங்கிக்கிட்டிருந்தா அவன் எப்பப் பேசி முடிக்கிறது?"

அண்ணாச்சி திரையைப் பார்த்தார். தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது.

"இத ஏம்வே மனுவுல எழுதல?" என்றவர், செருப்பைக்கூட மாட்டாமல் மாடிக்கு ஓடினார்.

இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். செல்வத்தின் கை இறங்கியது. அப்புறம் இரண்டு கைகளும் அருவி மாதிரி கொட்டின. ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது, அவளும் கையால் பேசுகிறவள், மதியம் அவள் அப்பா அம்மா கடைக்கு வருகிறார்கள், அண்ணன் சரி என்றால்தான் அவர்களுக்குப் பதில் சொல்வேன் என்றான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சரி என்று இரண்டு கையாலும் சொன்னேன்.

அழைப்பு முடிந்து திரும்பினால், வாசலில் அண்ணாச்சி.

"கவனிச்சேன்வே. தம்பி ஒண்ணு சொல்லுதான், நீரு தலய ஆட்டுதீரு. ஒடனே அடுத்ததச் சொல்லுதான்."

"ஆமா, அதுக்கென்ன?"

"ரசீது கையோட வந்துருதுல்லா. பிறகு ரவுட்டருக்கு எதுக்குத் தனியா ஒண்ணு?"

உருகிவிட்டார் என்று நினைக்காதீர்கள். திங்கட்கிழமை காலையே முந்திய நாள் தேதியிட்டு ஒரு மனு எழுதி வாங்கிக்கொண்டுதான் என்னை விட்டார்.

போன வருடம் ஓய்வு பெற்று வீட்டைக் காலி செய்தார். போகும்போது அரக்கு முத்திரை வைத்த கவரில் ரவுட்டர் பாஸ்வேர்டைக் கொடுத்துப் பொறுப்பை ஒப்படைத்தார். பெற்றுக்கொண்டேன் என்று மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கினார். அவர் ரயில் ஏறியதும், இந்த மனிதர் போட்ட பூட்டையெல்லாம் உடைத்தெறிகிறேன் என்று ரவுட்டருக்குள் நுழைந்தேன். அனுமதிப் பட்டியல் நீளமாக இருந்தது. எல்லோருக்கும் காலக்கெடு. அண்ணாச்சியின் சொந்தப் போனுக்கும் மூன்றே மாதம். வீடியோவுக்கு அவர் திறந்துவிட்ட வழிக்கு மட்டும் 'செல்வம், ஞாயிறு' என்று பெயர். காலக்கெடு என்ற கட்டத்தில் 'எப்போதும்' என்று இருந்தது.

ரவுட்டர் பழசாகிவிட்டது, மாற்றுங்கள் என்று இணைப்புக் கம்பெனிக்காரர் மாதாமாதம் வந்து நச்சரிக்கிறார். இலவசமாகவே தருகிறாராம். அதில் கை வைத்தால் நடக்கிறதே வேறு என்று கத்தி அனுப்பிவிடுகிறேன்.