சுடுதண்ணி அலுமாரி

கவிநேசன் முழங்காலில் நின்று டோர்ச் அடித்துப் பார்த்தான். சுடுதண்ணி அலுமாரிக்குள், துவாய் அடுக்கிய தட்டுகளுக்குக் கீழே, வெந்நீர்ச் சிலிண்டரின் அடியில் இன்றும் தண்ணீர் தேங்கிக் கிடந்தது.

"பிளம்பரைக் கூப்பிடுங்கோவன்," என்றாள் மனைவி மாலினி, வேலைக்குப் புறப்பட்டபடியே.

"இந்தத் துண்டுப் பைப்புக்குப் பிளம்பரோ? ஊரில கிணத்து மோட்டருக்கு முழுப் பைப்பும் பூட்டினது நான்."

புலம்பெயர்ந்து வந்து ரானுயியில் அவர்கள் வாங்கியது பழைய வீடு. செப்புக் குழாய்கள் பச்சை பிடித்திருந்தன. சந்தேகத்துக்கு அதுவே போதுமாக இருந்தது. ஹென்டர்சனில் ஒரு கடைக்குப் போய் வெள்ளைப் பிளாஸ்டிக் பைப்பும் எல்போ மூட்டுகளும் பசையும் அள்ளிக்கொண்டு வந்தான். சுடுதண்ணிக்கா பச்சைத்தண்ணிக்கா என்று கடைக்காரப் பெண் ஆங்கிலத்தில் கேட்டாள். "தண்ணிக்கு," என்று சொல்லிவிட்டு வந்தான்.

மின்சாரத்தை நிறுத்தி, சிலிண்டரை வடித்து, கீழ்க் குழாயை அறுத்தெறிந்து புதியதை ஒட்டினான். மாலைவரை ஒரு சொட்டு இல்லை. மறுநாள் காலை பார்த்தால் பழையபடி ஈரம்.

"அப்ப மேல் பைப்தான்," என்றான்.

"இல்லாட்டி நீங்கள் ஒட்டினதுதான்," என்றாள் மாலினி.

அவன் மேல் குழாயையும் அறுத்துப் புதியதை ஒட்டினான்.

அன்று வேலை முடிந்து வந்து அவள் குளிக்கப் போனாள். கொதிநீர் ஏறியதும் புதுப் பைப் அவிந்த முருங்கைக்காயாகத் தொய்ந்து, எல்போவை விட்டுக் கழன்றது. தண்ணீர் நடையைக் கடந்து ஹோல் கார்பெட்டுக்குள் இறங்கியது. கவிநேசன் வாசலுக்கு ஓடித் தண்ணீர் மெயினை மூடினான்.

மாலினியின் அப்பா இராசரத்தினம் சாவகச்சேரியிலிருந்து மகளைப் பார்க்க வந்திருந்தவர். கம்பளித் தொப்பியோடு அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

"வேலை பெரிசாப் போகுது போல, தம்பி."

"பழைய பைப் மாமா. மாத்தத்தான் வேணும்."

"ஓம், மாத்துங்கோ. ஒரேயடியாச் செய்தால் பிறகு கரைச்சல் இல்லை."

தலையில் ஷாம்பூ நுரையோடு மாலினி வெளியே வந்தாள். துவாயைத் தலையில் சுற்றிக் கட்டிக்கொண்டு, மிச்சக் குளிப்பைக் குளிக்கச் சிநேகிதி லோஜனா வீட்டுக்குக் காரை எடுத்தாள். திரும்பி வந்ததும் நேரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"நாளைக்குப் பிளம்பர் வாறார்," என்றான் கவிநேசன் சுவரைப் பார்த்து.

இரவு துடைத்து விட்டிருந்த அலுமாரியைக் காலையில் எழும்பியதும் திறந்தான். தரை காய்ந்து கிடந்தது. டிஷ்யூவால் மூலை முடுக்கெல்லாம் ஒற்றினான். டிஷ்யூ நனையவே இல்லை.

"மாலினி, இஞ்ச வந்து பார். மெயினைப் பூட்டினது, ஒரு சொட்டும் இல்லை. பைப்தான் எண்டு நான் முதலே சொன்னனான்."

அவள் வந்து குனிந்து, கையால் தடவிப் பார்த்தாள். முகம் கொஞ்சம் இளகியது.

"சரி. பைப்தான். ஒத்துக்கொள்ளுறன்."

கவிநேசன் நிமிர்ந்து நின்றான். அப்போது இராசரத்தினம் வெறும் செம்போடு குசினியிலிருந்து வந்தார்.

"தம்பி, ஒரு பைப்பிலயும் தண்ணி வரேல்லை. உந்த அலுமாரி மேல்தட்டில, துவாயளுக்குப் பின்னால, ஓட்டைச் சட்டியொண்டில கறிவேப்பிலைக் கொட்டை சூட்டுக்கு முளைக்கப் போட்டிருக்கிறன். ஒவ்வொரு காலமையும் ஒரு செம்பு ஊத்துறனான், இண்டைக்குத்தான் ஊத்தேலாமப் போச்சு."