ஒன்பது வாக்கியத்தில் ஒரு பேர்

என் பாப்பாவுக்கு நான் யோசித்து வைத்திருந்த பேரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நாலு பேர் தங்கள் குழந்தைக்கு வைத்துவிடுவார்கள். அப்புறம் என்ன அபூர்வம்?

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு வரை. அந்த வகுப்பில் என் பேரில் நாலு பேர். டீச்சர் கூப்பிட்டால் நான் எழுந்திருப்பதற்குள் இன்னொருத்தி எழுந்துவிடுவாள். எனக்கோ கூச்சம். அப்படியே உட்கார்ந்துவிடுவேன். என் மகளைக் கூப்பிட்டால் அவள் ஒருத்திதான் திரும்ப வேண்டும்.

என் வீட்டுக்காரர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். மருந்துச் சீட்டில் தப்பு இருந்தாலும் சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவார். அவர் மனசில் வேறு பேர். தெருவுக்கு மூணு பிள்ளைகளுக்கு இருக்கிற பேர்.

"நீ சொல்ற பேரை ஒரு இங்கிலீஷ் வாக்கியத்துல வெச்சுப் பாரு. ஆளா, ஊரா, இருமல் மருந்தான்னே தெரியாது."

"வெச்சா நல்லாத்தாங்க இருக்கும்."

"அப்படியா? தினம் ஒண்ணு எழுதிக் காட்டு. பத்தாம் நாள் பேர் பதியப் போறோம். அதுக்குள்ள எனக்குப் பிடிச்சுட்டா நீ சொன்ன பேர். இல்லைன்னா நான் சொன்னது."

பக்கத்து வீட்டு அக்கா மகளின் பாடப்புத்தகத்தை வாங்கினேன். அதில் இருந்த பேரை எடுத்துவிட்டு எங்கள் பேரைப் போட்டு, பாப்பா பந்து விளையாடுவதாக எழுதினேன். ஒரு பிழை இல்லை. ஓரக்கண்ணால் பார்த்தார். "ம்" என்றார். சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் பாப்பா அழுத அழுகையில் வார்த்தைகள் இடம் மாறிப்போயின. பால் பாப்பாவைக் குடிப்பதாக எழுதிவிட்டேன்.

"அடக் கடவுளே!"

சட்டைகூடக் கழற்றவில்லை. பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு பேனாவை எடுத்தார். திருத்தியதை மூணு தடவை வாய்விட்டு வாசிப்பது அச்சகத்துப் பழக்கம். மூணு தடவையும் பாப்பா பேர். அவள் அப்பா வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு விளங்கிவிட்டது. அதற்கப்புறம் ஒரு நாளும் நான் சரியாக எழுதவில்லை. நாற்காலி பாப்பா மேல் ஏறியது. சோப்பு அவளைத் தின்றது.

"என்னடி இது? கதவு இவளைத் தள்ளுதா?"

"தப்பாங்க?"

"தப்பா? ஒரே குளறுபடி!"

திருத்துவார். வாசிப்பார்.

ஒன்பதாம் நாள், "நீ நகரு, நான் ஒண்ணு எழுதறேன்" என்றார். பாப்பா பெரிய டாக்டர் ஆவாளாம். அதையும் மூணு தடவை வாசித்தார்.

பத்தாம் நாள் காலை, "எல்லாம் நான் திருத்தினது. செல்லாது!" என்றார். தான் நினைத்திருந்த பேரைச் சொல்லிப் பாப்பாவைக் கூப்பிட்டார். அவள் அவர் செருப்பு வாரைக் கடிப்பதில் மும்முரமாக இருந்தாள். மறுபடி கூப்பிட்டார். நிமிரவில்லை.

"ஐயோ, அழுக்குடி! கடிக்காதே..." என்று பதறியவர் வாயில் நான் சொன்ன பேர்தான் வந்தது. பாப்பா செருப்பை விட்டுவிட்டுச் சிரித்தபடி அவரிடம் தவழ்ந்து போனாள்.

அள்ளித் தூக்கிக்கொண்டார். அப்புறம், "பேர் பதியற பாரத்தை எடு" என்றார்.

பதிவு அலுவலகத்தில் அந்தப் பேரை அவர் கையாலேயே எழுதினார். திரும்பி வரும்போது, "பேர் போகட்டும், விடு. உன் இங்கிலீஷ்தான் கவலைக்கிடம். நாளையிலிருந்து தினம் ரெண்டு வாக்கியம் எழுது" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன்:

"எதுக்குங்க? இனிமே தப்பில்லாமலே எழுதிடறேன்."